நீங்க யோகா டீச்சர் ஆனது எப்படி? உங்க பயிற்சி முறை என்ன?

எனக்கு இது இடுப்பு வலியிலதான் ஆரம்பிச்சது. 32 வயசு, அக்கவுண்ட்ஸ் வேலை, காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் சேர்ல. வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கிளாஸ்ல சேர்ந்தேன், முப்பது பேரு, எல்லாருக்கும் ஒரே ஆசனம். கால நீட்டி உக்காந்து முன்னாடி குனியற பச்சிமோத்தாசனத்துல என் நெத்தி முட்டியில படலன்னு மாஸ்டர் வந்து முதுகுல கை வச்சு அமுக்கினாரு, சுளீர்னுச்சு, அப்புறம் ரெண்டு மாசம் குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல.

யோகாவே வேணாம்னு இருந்தவன நெஞ்சு கேக்காம அக்காதான் மயிலாப்பூர்ல ஒரு அம்மாகிட்ட கூட்டிட்டுப் போனா. அவங்க யோகா குரு கிருஷ்ணமாச்சார்யா வழியில படிச்சவங்க, ஒரு நேரத்துக்கு ஒருத்தருக்குத்தான் சொல்லித் தருவாங்க. முதல் நாள் தூக்கம், சாப்பாடு, வேலை, எந்தப் பக்கம் வலின்னு கேட்டுட்டே இருந்தாங்க, அப்புறம் படுக்க வச்சு என் மூச்ச பாத்தாங்க. குடுத்தது மூணே மூணு. மல்லாக்கப் படுத்து மூச்சு இழுக்கறப்ப கைய தலைக்கு மேல கொண்டுபோறது, மூச்சு விடறப்ப முட்டிய வயித்துகிட்ட கொண்டுவர்ற அபானாசனம், இடுப்ப மெதுவா தூக்கற த்விபாத பீடம். "இவ்ளோதானா மேடம்?"னேன். "மூச்சு தடுமாறாம இத செய்ங்க, அப்புறம் பாப்போம்"னாங்க. மூச்சு தடுமாறாம செய்யவே எனக்கு ஆறு வாரம் ஆச்சு, அந்த ஆறு வாரத்துல வலி பாதி குறைஞ்சுது, அப்பதான் நானும் இத முறையா படிக்கணும்னு தோணுச்சு.

படிக்கறப்ப என்னை ரொம்ப யோசிக்க வச்சது கிருஷ்ணமாச்சார்யா பண்ண மாற்றம். 1930கள்ல மைசூர் அரண்மனை யோகசாலையில சின்னப் பசங்களுக்கு தாவித் தாவி வேகமா ஆசனம் சொல்லிக் குடுத்தவரு, 1952ல மெட்ராஸ் வந்தப்புறம் நோயாளிங்களுக்கும் வயசானவங்களுக்கும் ஆளுக்குத் தக்கபடி மாத்திக் குடுத்தாரு. அவர் மகன் தேசிகாச்சார் இஞ்சினியரிங் முடிச்சுட்டு அப்பாகிட்ட சிஷ்யனா உக்காந்தாரு, 1976ல ‘கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம்’ங்கற யோகா மையத்த ஆரம்பிச்சாரு. யோகாவுக்கு பழைய மூல நூலான பதஞ்சலியோட யோக சூத்திரத்துல கூட ஆசனத்தப் பத்தி நேரா பேசறது மூணே சூத்திரம்தான், அதுல முதல்ல சொல்றது நிலையா இருக்கணும், சுகமா இருக்கணும். நெத்தி முட்டியில படணும்னு அங்க எங்கயும் இல்ல.

இப்ப நான் சொல்லித் தர்றப்ப யார் முதுகுலயும் கை வச்சு அழுத்தறதில்ல, அதுல நான் கறாரு. பிபி, குடலிறக்கம் இருக்கறவங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயித்த உள்ள இழுத்து வேகமா மூச்சு விடற கபாலபாதி கிடையாது. கண்ணுல க்ளாக்கோமா, அதாவது கண் நரம்ப பாதிக்கற நோய், இருக்கற ஒரு பெரியவர் யூட்யூப் பாத்துட்டு வந்து சிரசாசனம்தான் வேணும்னாரு. தலைகீழா நின்னா கண்ணுல அழுத்தம் ஏறும்யா, வேணாம்னு சொல்லி சேர்ல உக்காந்தபடி கைய தூக்கி இறக்கறதுலேர்ந்து ஆரம்பிச்சோம், நாலு எண்ணி மூச்சு இழுத்து ஆறு எண்ணி விடணும், கட்டாயப்படுத்தாம. முதல் ரெண்டு வாரம் முறைச்சுட்டேதான் செஞ்சாரு, இப்ப ஒரு நாள் நான் லேட்டானாலும் போன் பண்ணிடறாரு.

புதுசா ஆரம்பிக்கறீங்கன்னா முதல்ல டாக்டர்கிட்ட காட்டிடுங்க, அப்புறம் அபானாசனம் மட்டும் ஆறு தடவ, மூச்சு விடறப்ப மட்டும் முட்டி உள்ள வரணும். வலி கூடினா அன்னிக்கு நிறுத்திடுங்க.