300 மீற்றர் என்று போட்டிருக்கிறதே, நம்பி இறங்கலாமா?

மணிக்கூடு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மட்டக்களப்பு நகரில் மணிக்கூடு திருத்தும் நமது பத்தியாளர் பதில் தருகிறார்.

கேள்வி: கட்டாரில் வேலை செய்யும் மச்சான் லீவில் வந்தபோது ரோலக்ஸ் சப்மரைனர் கொப்பி ஒன்று கொண்டுவந்து தந்தார். முகப்பில் 1000 அடி, 300 மீற்றர் என்று இருக்கிறது. பார்க்க அசல் மாதிரியே பாரமாகவும் இருக்கிறது. நான் பாசிக்குடாவில் சுழியோடப் பழகுகிறேன். பிறகு ஒருநாள் மட்டக்களப்புக் கடலடியில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலையும் போய்ப் பார்க்க ஆசை. இதைக் கட்டிக்கொண்டு இறங்கலாமா?
— வாசகர், கல்குடா

பதில்: இறங்க வேண்டாம் தம்பி.

அசல் சுழியோடி மணிக்கூட்டில் அந்த எண் சும்மா வருவதில்லை. இதற்கென்றே ஐஎஸ்ஓ 6425 என்று ஒரு சர்வதேச விதி உண்டு. அதன்படி, பத்தில் ஒன்றை எடுத்துப் பார்ப்பது போதாது. ஒவ்வொரு மணிக்கூட்டையும் தனித்தனியே அழுத்தத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் எழுதியிருக்கும் ஆழத்தைவிடக் கால்பங்கு கூட்டி. 300 மீற்றர் என்று போட்டால் 375 மீற்றருக்குரிய அழுத்தத்தைத் தாங்கிக் காட்டியிருக்க வேண்டும். கொப்பியில் அந்த எழுத்து வெறும் மை. முகப்பை அச்சடித்தவர் அது போய் உட்காரும் பெட்டியைக் கண்ணால் கண்டிருக்கவும் மாட்டார்.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மில்லிமீற்றர் அகலமான கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 300 மீற்றர் ஆழத்தில் அந்தச் சின்னக் கண்ணாடியின்மேல் 200 கிலோவுக்கு மேல் பாரம் ஏறி நிற்கும். ஹெர்மிஸ் கிடக்கும் 53 மீற்றரிலேயே கிட்டத்தட்ட 38 கிலோ. இவ்வளவையும் தடுத்து நிற்பது மூன்று இடத்து றப்பர்தான்: கண்ணாடியின் அடியில், பின்மூடியில், நேரம் திருப்பும் குமிழில்.

அந்த மூன்று இடத்தையும் கொப்பிகளில் திறந்து பார்த்துப் பழகியவன் என்பதால் சொல்கிறேன். பின்மூடியைக் கழற்றினால் றப்பர் வளையம் பெரும்பாலும் மயிரிழை மாதிரி மெல்லியதாக, பள்ளத்தில் முறுகிக் கிடக்கும். சிலிக்கன் கிறீஸ் பூசிய அடையாளமே இருக்காது. சிலவற்றில் வளையமே இல்லை. குமிழ் அசலைப் போலத் திருகி இறுக்கும் வகைதான், ஆனால் புரி மென்மையான பித்தளை. சில மாதம் திருகியதும் வழுகத் தொடங்கிவிடும். அது போய் மாட்டும் குழாயைப் பெட்டியில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அசல் சப்மரைனரின் பின்பக்கம் முழு உருக்கு; பல கொப்பிகளில் உள்ளே மெசின் ஓடுவதைக் காட்டுவதற்காக அங்கேயும் கண்ணாடி. பார்க்க அழகுதான், தண்ணீர் நுழைய இன்னொரு மூட்டும் கிடைத்துவிட்டது. அண்மையில் திருத்த வந்த ஒமேகா சீமாஸ்டர் கொப்பியில், 10 மணிப் பக்கத்து ஹீலியம் வால்வு (ஆழ்கடல் வேலையில் உள்ளே புகும் ஹீலியம் வாயுவை வெளியே விடுவது) வேலை செய்யாத வெறும் அலங்காரம். அந்த அலங்காரத்தைப் பொருத்தப் பெட்டியைத் துளைத்தவர்கள் உள்ளே ஒரு வாசர் போடவில்லை. திகதிச் சில்லு முழுக்கத் துரு.

எல்லாக் கொப்பியும் ஒழுகும் என்று நான் சொல்லமாட்டேன், அது உண்மையல்ல. வளையத்தை மாற்றி, கிறீஸ் பூசி, சோதனை மெசினில் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தபோது நன்றாகத் தாங்கியவையும் உண்டு. தண்ணீரைத் தடுப்பது பெயர் அல்ல, பொருத்தம். ஆனால் அந்தச் சோதனை அன்றைய நாளுக்குத்தான் உத்தரவாதம். றப்பர் எது, உலோகம் எது என்று தெரியாத பெட்டி உப்புத் தண்ணீரில் ஒரு சீசன் ஊறிய பிறகு எப்படி இருக்கும் என்று எந்த மெசினும் சொல்லாது. கொப்பியைத் திருத்தித் தருகிறேன். உழைத்த காசில் வாங்கிய பொருள், மதிக்கிறேன். ஆழம் மட்டும் எழுதித் தரமாட்டேன்.

தண்ணீர் புகுவதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. வெளியே சுழலும் பெசல் வளையத்தைத்தான் சொல்கிறேன். இறங்கும்போது அதன் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைப்பீர்கள். கீழே எவ்வளவு நேரம் போனது என்பதை அதுதான் காட்டும். அசலில் அது இடப்பக்கமாக மட்டும் திரும்பும். கை எங்கேயாவது இடிபட்டு வளையம் நகர்ந்தாலும், போன நேரம் கூடுதலாகத் தெரியுமே தவிரக் குறைவாகத் தெரியாது. நீங்கள் முந்தியே மேலே வந்துவிடுவீர்கள், உயிருக்குச் சேதமில்லை. மட்டமான கொப்பிகளில் அது இரண்டு பக்கமும் ஓடும், அல்லது உடுப்பு உரசினாலே அசையும். கீழே 30 நிமிடம் நின்றவருக்கு 20 நிமிடம் என்று காட்டினால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சுழியோடப் பழக்குபவரிடம் கேளுங்கள். தண்ணீர் புகுந்தால் மணிக்கூடு போகும். இது பொய் சொன்னால் போவது நீங்கள்.

ஹெர்மிஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல் அது. நம்முடைய கடலில் அப்படி ஒன்று கிடக்கிறது என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு வைத்திருக்கும் 40 மீற்றர் எல்லையைத் தாண்டிய ஆழம் அது. தனிப் பயிற்சி வேண்டும். அங்கே போகிறவர்கள் கையில் ஆழத்தையும் நேரத்தையும் கணித்துக் காட்டும் டைவ் கொம்பியூட்டர் இருக்கும், மணிக்கூடு அதற்குத் துணைக்கு. துணைக்கு வேண்டுமென்றால் அசல் சீக்கோ, சிட்டிசன் ஒன்றைப் பாருங்கள். முகப்பில் டைவர்ஸ் 200 என்று வருபவை நான் சொன்ன ஐஎஸ்ஓ விதிப்படி சோதித்தவை. ரோலக்ஸ் விலையில் ஒரு சிறு துண்டுதான்.

மச்சான் தந்ததைக் கல்யாண வீட்டுக்குக் கட்டுங்கள். அவரும் சந்தோசப்படுவார். இன்னும் நாலைந்து வரவழைத்து விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மட்டும் விலகிக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் அது குற்றம்.

கேள்வி: வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த கொப்பி மணிக்கூட்டைத்தான் நான் கட்டுகிறேன். ஒவ்வொரு வக்துக்கும் வுழூ எடுக்கும்போது கழற்ற வேண்டுமா? 30 மீற்றர் என்று எழுதியிருக்கிறது.
— வாசகர், காத்தான்குடி

பதில்: கழற்றுங்கள். அசலாக இருந்தாலே 30 மீற்றர் என்பது மழைத் தூறலுக்கும் கை கழுவுவதற்கும்தான், நீந்துவதற்கு அல்ல. வுழூத் தண்ணீரால் வரும் ஆபத்தைவிட, மணிக்கூட்டை முழங்கைப் பக்கம் தள்ளும்போது வரும் ஆபத்து பெரிது. குமிழ் தோலில் மாட்டி மெல்ல வெளியே இழுபடும். அப்போது உள்ளே வழி திறந்துதான் இருக்கும். தோல் பட்டி போட்டிருந்தால் அதுவும் நனைந்து நனைந்து நாறிப்போகும்.

கேள்வி: அறுகம்பேயில் அலைச்சறுக்கு விளையாடிவிட்டு வந்தேன். மணிக்கூட்டுக் கண்ணாடிக்குள் ஆவி பிடித்திருக்கிறது. நண்பர்கள் அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?
— வாசகி, பொத்துவில்

பதில்: அரிசி வேண்டாம் மகள். மூடிய பெட்டிக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி இழுக்காது. இழுத்தாலும் உப்பு உள்ளேதான் இருக்கும், இரும்பைத் தின்பது அந்த உப்புத்தான்.

நடந்தது இதுவாக இருக்கலாம். வெயிலில் மணிக்கூடு 45 பாகை வரை சுடும். உடனே கடலில் பாய்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அரை மீற்றர் ஆழத்துக்குச் சமமான இழுவையைக் கொடுக்கும். தளர்ந்த வளையத்துக்கு அதுவே போதும்.

ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மணிக்கூட்டை இளஞ்சூடாக்கி, கண்ணாடியின் மேல் ஒரு துளி குளிர்ந்த தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். துளி இருந்த இடத்தில் உட்பக்கம் வெள்ளையாகப் படிந்தால் ஈரம் இருக்கிறது. சோதனைக்கூடங்களிலும் இதே முறைதான்.

இருந்தால் இன்றைக்கே அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ கைத்தேர்ந்த ஒருவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். கடல் தண்ணீர் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். பற்றரியை உடனே எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் கழுவி உலர்த்திய பிறகுதான் எண்ணெய் போட வேண்டும். மூடும்போது புது வளையம் கேட்டுப் போடுவியுங்கள். பழையதையே திருப்பிப் போட விடாதீர்கள்.