ஐஸ் பெட்டியில் வரும் வைரஸுக்கு முன்பணம் கட்டாதீர்கள்

கேள்வி: என் அண்ணனுக்கு உள்ளங்காலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய். புற்றுநோயைக் கொல்லும் வைரஸ் மருந்து ஒன்று இருக்கிறதாம். தட்டுப்பாடு என்பதால் முன்பணம் கட்டினால் ஐஸ் பெட்டியில் வீட்டுக்கே வரும் என்கிறார் ஒருவர். தடுப்பூசியைக் கோடிக்கணக்கில் செய்பவர்கள் இதை ஏன் செய்வதில்லை? கட்டலாமா, ஐயா?
– ஒரு சகோதரி, சாட்ஸ்வர்த்

பதில்: கட்டாதீர்கள், அம்மா. தயாரிப்பது கடினம் என்பது உண்மைதான். அந்த உண்மையின் தோளில் ஏறிக்கொண்டுதான் தரகர் பேசுகிறார்.

அவர் சொல்வது அநேகமாக டி-வெக். உதட்டுப் புண் உண்டாக்கும் ஹெர்ப்பீஸ் வைரஸை மாற்றியமைத்த மருந்து; 2015இல் அமெரிக்கா அனுமதித்தது. அது வளர்வது வெரோ எனப்படும் குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில். இவை எதிலாவது ஒட்டிக்கொண்டால்தான் பெருகும். தோசைக்கல் கணக்குதான்: மாவுப் பாத்திரத்தைப் பெரிதாக்கி என்ன பயன், கல் அல்லவா அகல வேண்டும்? இத்தகைய உயிரணுக்களுக்காகத் தொட்டியில் கடுகைவிடச் சிறிய மணிகளைப் போட்டு, அவற்றின்மேல் ஒட்டவைப்பதுண்டு. வேகமாகக் கலக்கினால் உரிந்துவிடும். மெதுவாகக் கலக்கினால் மணிகள் அடியில் படிந்து, உயிரணுக்கள் காற்றில்லாமல் சாகும்.

தடுப்பூசி உடம்புக்கு எதிரியை அடையாளம் காட்டினால் போதும். இங்கே வைரஸே போராட வேண்டும். 2014இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனை, தட்டம்மை வைரஸைக் கொண்டு ஒரு பெண்ணின் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுக்குச் செய்த சிகிச்சையை வெளியிட்டது. அவருக்கு ஒரே தடவையில் ஏற்றியது பத்தாயிரம் கோடி வைரஸ்கள். ஒரு கோடிப் பேருக்குத் தடுப்பூசி போடப் போதுமான அளவு!

இன்னொரு வில்லங்கம் வடிகட்டி. ஊசி மருந்துகளைக் கடைசியில் 0.2 மைக்ரான் வடிகட்டியில் விட்டுக் கிருமி நீக்குவார்கள். ஹெர்ப்பீஸ் வைரஸின் பருமனும் ஏறத்தாழ அதே அளவு. பெரும்பகுதி வடிகட்டியிலேயே தங்கிவிடும். எனவே முதல் நாளிலிருந்தே ஒரு பாக்டீரியாகூட நுழையாமல் காக்க வேண்டும். நுழைந்தால் மொத்தத் தொகுதியும் குப்பைக்கு. நானே கொட்டியிருக்கிறேன்.

“சீனாவில் பெரிய தொட்டியில் செய்கிறார்களே” என்று தரகர் மடக்கக்கூடும். அடினோ வைரஸ் விதிவிலக்குதான், ஒப்புக்கொள்கிறேன். அது சிறியது, வடிகட்டியில் நுழைந்துவிடும். அதை வளர்க்கும் எச்.இ.கே. 293 என்ற மனித உயிரணுக்களை ஒட்டாமல் மிதந்து வாழவும் பழக்கலாம். அப்போது தொட்டியைப் பெரிதாக்கினால் பலன் உண்டு. ஆனால் சீனா 2005இல் அனுமதித்த அடினோ மருந்து, எச்101, தலை, கழுத்துப் புற்றுக்கு. உங்கள் அண்ணனுக்கு உள்ளங்காலில்! பெயரில் ‘வைரஸ்’ என்று இருந்தால் எல்லாம் ஒன்றாகிவிடுமா?

ஐஸ் பெட்டியைப் பற்றி. டி-வெக்கை மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். உருகினால் மறுபடி உறையவைக்கக் கூடாது. சாதாரண ஐஸில் வருவதை மருந்தென்று நம்ப முடியாது. லாட்வியாவில் 2004இல் பதிவான ரிக்விர் என்ற வைரஸ் மருந்தை 2019இல் சோதித்தபோது, குறிப்பிட்ட அளவைவிட வைரஸ் மிகக் குறைவாக இருந்தது, விநியோகத்தை நிறுத்தினார்கள். அரசுப் பதிவு பெற்ற குப்பிக்கே அந்தக் கதி. தரகரின் குப்பியை யார் சோதிப்பார்கள்?

இங்கே தென்னாப்பிரிக்காவில் பதிவு பெறாத மருந்தென்றால், 1965ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட நோயாளிக்கென்று மருத்துவர், மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான சாப்ராவிடம் (SAHPRA) விண்ணப்பிக்க வேண்டும். மரபணு மாற்றிய உயிரி என்பதால் வேளாண் துறையின் அனுமதியும் வேண்டும். சோளத்தையும் மாட்டையும் பார்க்கும் துறைக்குப் புற்றுநோயில் என்ன வேலை என்று கேட்காதீர்கள்; கேட்டுக் கேட்டு நான் களைத்துவிட்டேன். இந்த அலைச்சலைக் கண்டு மிரள்கிறவர்கள்தான் தரகரிடம் போய் விழுகிறார்கள்.

முதலில், கட்டியை அறுவையில் முழுதாக எடுக்க முடியுமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். டி-வெக்குக்கு அமெரிக்கா தந்த அனுமதி, அறுவைக்குப் பின் திரும்பி வந்து, மறுபடி வெட்டி எடுக்க முடியாத தோல், நிணநீர்க் கணுக் கட்டிகளுக்குத்தான். அதையும் கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போட வேண்டும். வீட்டில் வைத்துச் செய்கிற காரியமல்ல.