பதில்: முந்நூறு வீட்டுக்கு ஆறு பேர்தான் கூட்டத்துக்கு வந்தார்கள்

வணக்கம். தெருவில் கழிவுநீர் தேங்குகிறது, நகர் முழுக்கக் கூட்டம் போட்டும் ஆறு பேர்தான் வந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முந்நூறு வீட்டை ஒரேயடியாகக் கூப்பிட்டால் அப்படித்தான் ஆகும். அந்த ஆறு பேரில் யாருடைய சந்து ரொம்ப மோசமோ, அதிலிருந்து மட்டும் ஆரம்பியுங்கள்.

பாகிஸ்தானின் கராச்சி ஓரத்தில் ஒராங்கி என்ற குடியிருப்பில் 1980-இல் அக்தர் ஹமீது கான் என்ற சமூகப் பணியாளர் தொடங்கி வைத்ததும் இதுதான். 20 முதல் 40 வீடு உள்ள ஒரு சந்து ஓர் அணி. பணம் வாங்கவும் வேலையைப் பார்க்கவும் அவர்களே ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் செலவு. பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. ஒப்பந்ததாரர் இல்லாததால் செலவு பல மடங்கு குறைந்தது.

வசூலுக்கு முன் ஒரு கொத்தனாரை வைத்து டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்துச் சந்தின் வாட்டம், அதாவது சரிவு, பாருங்கள். கடைசியில் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று தெரியாமல் குழாய் போட்டால் அடுத்த தெருக்காரர் சண்டைக்கு வருவார், அதுவும் நியாயமாகவே! அடைப்பு எடுக்க யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

அப்புறம், தமிழக அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு தரும். அளவு எடுத்த தாளோடு கவுன்சிலரைப் பாருங்கள், பகுதி சபையிலும் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) எழுதிக் கொடுங்கள். வெறும் புகார் மனுவை யாரும் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

உங்கள் சந்து முனையில் மாநகராட்சிக் குழாய் இருக்கிறதா?