காதைப் பாருங்கள்: குழந்தைகளின் தலை வடிவம் பற்றிய கேள்வி பதில்

சிங்கப்பூரில் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். தட்டைத் தலைகளும் இறுகிய கழுத்துகளும் பதறிப்போன பெற்றோர்களும்தான் என் அன்றாடம். தலை வடிவம் பற்றி நீங்கள் கேட்டிருந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல, உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்தவளும் அல்ல. அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

யீஷூனிலிருந்து ஒரு தாய்: அக்கா, என் மகனுக்கு 3 மாதம். பின்னந்தலையில் வலப்பக்கம் தட்டையாக இருக்கிறது. பிறந்தபோது அப்படி இல்லை. வலது காது இடது காதைவிடச் சற்று முன்னால் இருப்பதுபோல் தெரிகிறது. எலும்பு ஒட்டிக்கொண்டிருக்கும், அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும் என்று நாத்தனார் சொல்கிறார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

முதலில் தூங்குங்கள். பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்: பிறந்தபோது இல்லை, தட்டையான பக்கத்துக் காது முன்னால் வந்திருக்கிறது. இரண்டுமே படுக்கை அழுத்தத்தால் வரும் தட்டையைத்தான் காட்டுகின்றன.

குழந்தையின் மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல. பல தகடுகள், நடுவே பொருத்துகள். மூளை வளர வளர அந்தப் பொருத்துகளின் ஓரத்தில்தான் எலும்பு வளர்கிறது. எப்போதும் ஒரே பக்கம் அழுந்திப் படுத்தால் அந்தப் பக்கம் முழுவதும் முன்னோக்கி நகர்கிறது. சீட்டுக்கட்டை ஒரு ஓரத்தில் தள்ளினால் சாய்வதைப்போல, பின்னந்தலை தட்டையாகும்போது அதே பக்கத்துக் காதும் நெற்றியும் கூடவே முன்னால் வருகின்றன. மேலிருந்து பார்த்தால் தலை இணைகரமாகத் தெரியும்.

பின்பக்கப் பொருத்து ஒன்று முன்கூட்டியே மூடிக்கொண்டாலும் அந்தப் பக்கம் தட்டையாகும். ஆனால் அங்கே காது முன்னால் வராது. பெரும்பாலும் பின்னாலும் கீழேயும் இழுபட்டிருக்கும், காதுக்குப் பின்னுள்ள எலும்பு புடைத்து நிற்கும், தலை சரிவக வடிவம் கொள்ளும். இது மிக அரிது. எல்லாப் பொருத்துகளையும் சேர்த்துக் கணக்கிட்டாலே சுமார் 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒருவருக்குத்தான் இப்படி முன்கூட்டி மூடுகிறது. அதிலும் பின்பக்கப் பொருத்து மூடுவதுதான் மிகக் குறைவு.

வீட்டில் பார்க்கும் முறை இது. குளிப்பாட்டி முடி ஈரமாக ஒட்டியிருக்கும்போது ஒருவர் மடியில் வைத்துத் தலையைத் தாங்கிக்கொள்ளட்டும். இன்னொருவர் உச்சிக்கு நேர் மேலே நின்று, மூக்கு நுனி மட்டும் எட்டிப் பார்க்கும் கோணத்தில் பார்க்கட்டும். இரு காதுகளின் முன்னும் ஒவ்வொரு விரல் நுனியை வைத்தால் எது முன்னே, எது பின்னே என்பது சட்டென்று தெரிந்துவிடும். அதே கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து எடுத்த அழகான படங்கள் இதற்கு உதவாது.

அதே தாய்: அப்படியென்றால் எக்ஸ்ரே வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். பார்த்தும் தடவியும் சொல்லிவிடுவார்கள். சந்தேகம் எஞ்சினால் மருத்துவரே ஸ்கேனுக்கு எழுதுவார். நிம்மதிக்காக மட்டும் குழந்தைக்குக் கதிர்வீச்சு கொடுக்காதீர்கள்.

உட்லண்ட்சிலிருந்து ஒரு பாட்டி: எங்கள் காலத்தில் எண்ணெய் தேய்த்து, மண்டையைப் பிடித்து உருட்டிவிட்டுத்தான் குளிப்பாட்டுவோம். எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் தலை உருண்டையாகத்தான் இருக்கிறது. மருமகள் தொடவே விடுவதில்லை. கடுகுத் தலையணையும் வேண்டாம் என்கிறாள்.

அம்மா, எண்ணெய் தேய்ப்பதில் தவறே இல்லை. மருமகளிடம் நானே பரிந்து பேசுகிறேன். ஆனால் உருண்டைத் தலைக்கு உங்கள் கை காரணமல்ல. குழந்தையை நாள் முழுவதும் இடுப்பிலும் தோளிலும் மடியிலும் வைத்திருந்தீர்கள், வீட்டில் தூக்க ஆள் இருந்தது. பின்னந்தலை தரையில் பட்ட நேரமே குறைவு. எலும்பை அழுத்திப் பிடித்து வடிவம் கொண்டுவர முடியாது. உச்சிக்குழிப் பக்கம் அழுத்தவே கூடாது.

மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அந்தப் பரிந்துரையை வெளியிட்ட பிறகு, தூக்கத்திலேயே குழந்தைகள் திடீரென்று இறந்துபோவது அங்கே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதே காலத்தில் தட்டைத் தலைகள் கூடின. இந்தப் பேரத்தில் நான் தட்டைத் தலையைத்தான் எடுத்துக்கொள்வேன். கடுகுத் தலையணை, நடுவில் பள்ளம் வைத்த தலையணை எதுவும் தூங்கும் இடத்தில் வேண்டாம். மருமகள் சொல்வது சரி. குழந்தை விழித்திருக்கும்போது அள்ளித் தூக்கிக்கொள்ளுங்கள், அதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

செங்காங்கிலிருந்து ஒரு தந்தை: பிரசவத்தில் வாக்குவம் (உறிஞ்சு கருவி) வைத்து எடுத்த குழந்தை. பிறந்த மறுநாள் தலையின் ஒரு பக்கம் எலுமிச்சை அளவுக்கு வீங்கியது. 3 வாரமாகியும் வற்றவில்லை. இப்போது ஓரம் கெட்டியாகவும் நடுவில் பள்ளமாகவும் இருக்கிறது. எலும்பு உடைந்துவிட்டதா?

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், எலும்புக்கும் அதை மூடியிருக்கும் சவ்வுக்கும் இடையே இரத்தம் தேங்கிய வீக்கம்போல் இருக்கிறது. அது பொருத்தைத் தாண்டிப் பரவாது, ஒரு தகட்டோடு நின்றுவிடும். பிறந்து சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். வற்றச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். வற்றும்போது ஓரத்திலிருந்து சுண்ணாம்பு படிவதால் நடுவில் குழி விழுந்ததுபோல் கைக்குத் தட்டுப்படும். உடைந்த எலும்பு என்று பலர் பயப்படுவது இந்தக் கட்டத்தில்தான். ஊசி போட்டு உறிஞ்சக் கூடாது, கிருமி புகுந்துவிடும். தேங்கிய இரத்தம் உடைவதால் மஞ்சள் காமாலை கூடலாம், கண்ணின் வெள்ளையைக் கவனியுங்கள். அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பிறந்த கணமே இருந்து, பொருத்துகளைத் தாண்டிப் பரவி, சில நாளில் வற்றுவது வெறும் நீர் வீக்கம். மூன்றாவது ஒன்று உண்டு: பிறந்த முதல் நாட்களில் தலை முழுவதும் தளதளவென்று வீங்கிக்கொண்டே போய், காது, கழுத்துவரை இறங்கி, குழந்தை வெளிறிப்போவது. அது அவசரம், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

தெம்பனிசிலிருந்து ஒரு தாய்: 30 வாரத்தில் பிறந்த மகள். தலை நீளமாக, பக்கவாட்டில் ஒடுங்கி இருக்கிறது. படித்ததை வைத்துப் பார்த்தால் நடு உச்சிப் பொருத்து மூடியதுபோல் தெரிகிறது.

குறைமாதக் குழந்தைகளின் எலும்பு மெல்லியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்திருப்பார்கள், அதனாலேயே தலை நீண்டுவிடும். வீட்டுக்கு வந்து, எல்லாப் பக்கமும் திரும்பத் தொடங்கிய பிறகு மெல்ல அகலும்.

நடு உச்சிப் பொருத்து மூடியிருந்தால் நெற்றியிலிருந்து பின்னந்தலை நோக்கி உச்சியில் ஒரு மேடு விரலுக்குத் தட்டுப்படும், நெற்றியோ பின்னந்தலையோ துருத்தும், மாதங்கள் போகப் போக நீளம் கூடிக்கொண்டே வரும். ஒற்றைப் பொருத்து மூடும் வகைகளில் அதிகம் காணப்படுவது இதுதான், பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு. உங்கள் மகளின் தலை எந்தத் திசையில் போகிறது என்பதுதான் கேள்வி. தணிகிறதா, கூடுகிறதா?

ஜூரோங்கிலிருந்து: 8 மாத மகனுக்கு நெற்றி நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு மேடாக இருக்கிறது.

நெற்றிப் பொருத்து மட்டும் முதல் ஆண்டுக்குள்ளேயே இயல்பாக மூடிவிடும். மூடும்போது இப்படி ஒரு மேடு வருவதுண்டு. மேலிருந்து பார்த்தால் நெற்றி முக்கோணமாகக் கூம்பி, கன்னப்பொட்டுப் பக்கம் ஒடுங்கி, கண்கள் நெருங்கித் தெரிந்தால் மட்டும் காட்டுங்கள்.

பொங்கோலிலிருந்து ஒரு தாய்: 2 மாத மகள் எப்போதும் இடப்பக்கமே பார்க்கிறாள். வலப்பக்கம் திருப்பினால் அழுகிறாள். இடது பின்னந்தலை தட்டையாகி வருகிறது.

இது என் பேட்டை, கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். தட்டைத் தலையோடு வரும் குழந்தைகளிடம் நான் முதலில் பார்ப்பது தலையை அல்ல, கழுத்தை. வலப்பக்கக் கழுத்துத் தசை இறுகியிருந்தால் தலை வலத்தோள் பக்கம் சாயும், முகவாய் இடப்பக்கம் திரும்பும். அப்படியே மல்லாக்கப் படுத்தால் அழுந்துவது இடது பின்னந்தலை. ஆகவே, தட்டை இடப்பக்கம் என்றால் இறுக்கம் வலப்பக்கம் இருக்கக்கூடும். சில குழந்தைகளுக்கு முதல் சில வாரங்களில் அந்தத் தசையில் சின்னக் கட்டிகூடக் கைக்குத் தட்டுப்படும்.

காத்திருக்காமல் பிசியோதெரபிக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். 3 மாதத்துக்குள் தொடங்கினால் கழுத்து வேகமாக இளகும். நீட்டும் பயிற்சியை நேரில் கற்றுக்கொண்டு செய்யுங்கள், காணொளி பார்த்துக் கழுத்தைத் திருப்பாதீர்கள்.

இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையில் கட்டிலை ஒரு சுவரை ஒட்டித்தான் போட முடியும். குழந்தை சுவரைப் பார்க்காது, உங்களையும் வெளிச்சத்தையும்தான் பார்க்கும். தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் படுக்கவையுங்கள். உங்களைப் பார்க்க அவள் மறுபக்கம் திரும்பியே ஆக வேண்டும். பால் கொடுக்கும் கையை மாற்றுங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு குப்புறப் போடுங்கள். முதலில் இரண்டு நிமிடமே தாங்குவாள், பரவாயில்லை. உங்கள் மார்பின்மேல் கிடத்தினாலும் கணக்கில் சேரும். கார் இருக்கையிலும் ஊஞ்சல் நாற்காலியிலும் கிடக்கும் நேரத்தைக் குறையுங்கள். பகலில் பணிப்பெண் பார்த்துக்கொள்கிறார் என்றால் இதையெல்லாம் அவருக்கும் செய்து காட்டுங்கள்.

பிடோக்கிலிருந்து ஒரு தந்தை: 5 மாதம். தலை வடிவத்தைச் சரிசெய்யும் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும், தாமதித்தால் போச்சு என்று ஓரிடத்தில் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள்.

அழுத்தத் தட்டை ஏறத்தாழ 4 மாத அளவில் உச்சத்தில் இருக்கும். குழந்தை தானே புரளவும் உட்காரவும் தொடங்கியதும் பெரும்பாலும் தணியும். ஹெல்மெட் விற்கும் பேச்சு சரியாக இந்த உச்சத்தில்தான் பெற்றோர் காதில் விழுகிறது!

நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், மிதமானது முதல் கடுமையானது வரையான தட்டை உள்ளவர்களை இரு பிரிவாக்கினார்கள். 2 வயதில் அளந்தபோது ஹெல்மெட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மிகக் கடுமையானவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அதனால் ஹெல்மெட்டே வீண் என்று சொல்ல மாட்டேன், மிகக் கடுமையானவற்றுக்கு இடம் உண்டு. நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டும். நம் ஊர் வெக்கையில் வியர்வையும் தடிப்பும் வரும். விற்பவர் அல்லாத ஒரு மருத்துவர் முதலில் பார்க்கட்டும், பொருத்து திறந்திருக்கிறதா என்று.

பெயர் சொல்ல விரும்பாதவர்: தட்டைத் தலையால் மூளை பாதிக்குமா?

அழுத்தத் தட்டை மூளையை நெருக்காது. ஆனால் தசை வலு குறைந்து, அசையாமல் கிடக்கும் குழந்தைக்கும் தலை தட்டையாகும். எனவே தலையோடு சேர்த்து, கழுத்து நிற்கிறதா, புரள்கிறதா என்பதையும் பாருங்கள்.

செம்பவாங்கிலிருந்து ஒரு தாய்: வடிவம் சரிதான். ஆனால் தலை பெரிதாக இருக்கிறதே?

கணவரின் தலையை அளந்தீர்களா? விளையாட்டாகக் கேட்கவில்லை, பெரிய தலை குடும்பத்தில் வருவதுண்டு. தலைச் சுற்றளவு முதல் 3 மாதம் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த 3 மாதம் 1 செ.மீ., பிறகு ஆண்டு முடியும்வரை அரை செ.மீ. என்று ஏறுவது பொதுவான கணக்கு. குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் உள்ள வளைகோட்டில் புள்ளிகள் ஒரே கோட்டை ஒட்டிப் போனால் நல்லது. கோடுகளைத் தாண்டி மேலே ஏறினால் உடனே காட்டுங்கள். அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருப்பது, கருவிழி கீழே இறங்கியே இருப்பது, ஓயாத வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கடைசியாகப் பலர் கேட்டது: யாரிடம் போவது?

பலதுறை மருந்தகத்தில் தொடங்கினால், அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ மானியக் கட்டணத்தில் பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். அழுத்தத் தட்டைக்கு அடுத்த தடுப்பூசி நாள்வரை பொறுக்கலாம். ஆனால் உச்சியில் மேடு, ஒரு பக்க நெற்றி தட்டையாகி அந்தப் பக்கப் புருவம் உயர்ந்திருப்பது, பின்னுக்கு இழுபட்ட காது, இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். பொருத்து மூடியிருந்தால் சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சையை முதல் சில மாதங்களுக்குள்தான் செய்ய முடியும். பிந்தினால் பெரிய அறுவை சிகிச்சைதான் வழி. போகும்போது, பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்களில் தலை தெளிவாகத் தெரிபவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரின் முதல் கேள்வி, "பிறந்தபோதே இப்படியா?" என்பதாகத்தான் இருக்கும்.