தோட்டத்துல இருக்கற பழைய மாட்டுக் கொட்டகையை இடிக்காம கெஸ்ட் ரூமா மாத்த முடியுமா, எவ்வளவு செலவாகும்?

முடியும்ங்க. செலவு நீங்க மனசுல போட்டு வெச்சிருக்கறதுக்கு ரெண்டு மடங்கு ஆகும். இதோட நிறுத்தியிருப்பேன், ஆனா கேள்வியில "இடிக்காம"ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்காக நான் மூணு வருஷம் பட்ட பாடு இருக்கு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமை இல்லாதவங்க சுண்ணாம்புன்னு வர்ற இடத்தை மட்டும் படிச்சுட்டுப் போங்க.

உங்க கொட்டகை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். மாட்டை வித்து நாலஞ்சு வருஷம் ஆயிருக்கும். உள்ள பழைய சொட்டுநீர் பைப்பு, உரச் சாக்கு, ஓடாத டிவிஎஸ் 50 ஒண்ணு, கல்யாணத்துக்கு வாங்கின பெரிய அண்டா எல்லாம் கிடக்கும். லீவு விட்டா சொந்தக்காரங்க வந்து எறங்குவாங்க. எங்களுது பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல தென்னந்தோப்பு. மாசாணியம்மன் கோயிலுக்கு வர்றவங்க, ஆழியாறு பாக்க வர்றவங்க, டாப்ஸ்லிப் போறவங்க, வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவுலயும் வாந்தி எடுத்துட்டு ராத்திரி பத்து மணிக்கு "அக்கா ஒரு நைட்டு மட்டும்"னு வர்றவங்க, எல்லாருக்கும் எங்க வீடுதான் லாட்ஜு. யார் வந்தாலும் காலியாகறது என் ரூமு. பதினோரு வருஷம் நான் ஹால்ல பாய் போட்டுப் படுத்திருக்கேன். கெஸ்ட் ஹவுஸ் ஆசையெல்லாம் இல்லீங்க, என் கட்டில் எனக்கு வேணும், அவ்வளவுதான்.

எங்க ஊர்ல மாட்டுக் கொட்டகைக்கு கட்டுத்தரைன்னு சொல்லுவோம். எங்களுது 30 அடி நீளம், 14 அடி அகலம். கிணறு வெட்டுனப்ப வந்த கருங்கல்லை மண்ணு வெச்சுக் கட்டின ஒன்றரை அடிச் செவுரு, மேல பனங்கை, அதாவது பனைமரச் சட்டம் போட்டு ஓடு. மாமனாரோட அப்பா கட்டினது. 2021ல வேலையை ஆரம்பிச்சோம். 18 அடிக்கு ரூமு, 6 அடிக்கு பாத்ரூமு, மிச்சம் 6 அடி திண்ணைன்னு நானே நோட்டுல கோடு போட்டேன். மேஸ்திரி ரெண்டரை லட்சம்னார். முடிச்சப்ப 5 லட்சத்து 80 ஆயிரம். இதுல ஒன்றரை லட்சம் ஒரே வேலையை ரெண்டு தடவை செஞ்சதுக்கு. அந்தக் கதைதான் உங்களுக்கு வேணும்.

வேலை ஆரம்பிச்ச அன்னைக்கே எங்க அத்தை வந்து செவுத்தை ஒரு சொரண்டு சொரண்டி நாக்குல வெச்சுப் பாத்துட்டு, "அம்மிணி, இது மூத்தரம் குடிச்ச செவுரு, சிமிட்டியைப் பூசுனா காறித் துப்பிரும்"னாங்க. நான் மேஸ்திரியைப் பாத்தேன், மேஸ்திரி சிரிச்சார். "ஏனுங்க அக்கா, வாட்டர்புரூப் கலந்து பூசி மேல புட்டி அடிச்சுட்டா கல்லு மாதிரி நிக்கும்ங்க"ன்னார். எனக்கும் அப்ப அது படிச்ச பேச்சா தெரிஞ்சுது. பூசினோம், புட்டி வெச்சோம், யூடியூப்ல பாத்த மாதிரி ஒரு செவுத்துக்கு மட்டும் பச்சைக் கலர் அடிச்சோம், போட்டோ எடுத்து எல்லா குரூப்லயும் போட்டேன்.

ஐப்பசி மழை முடிஞ்சு பனி விழ ஆரம்பிச்சதும், தரையில இருந்து மூணடி உயரம் வரைக்கும் செவுத்துல வெள்ளையா மாவு பூக்க ஆரம்பிச்சுது. துடைச்சா போகும், பத்து நாள்ல மறுபடி வரும். தையில பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்புச்சு. மாசியில சிமெண்டுப் பூச்சு பாளம் பாளமா விழுந்துச்சு, அதுவும் ராத்திரியில, கோயமுத்தூர்ல இருந்து வந்த நாத்தனார் படுத்திருந்த கட்டில் மேலயே. அவங்க பூகம்பம்னு நெனச்சு தோப்புக்குள்ள ஓடிட்டாங்க. நம்மளைக் கெடுத்தவங்களுக்குத் தண்டனை கேட்டு அரைப்பாங்கல்ல, அந்த மாதிரி மேஸ்திரி பேரைச் சொல்லி மாசாணியம்மன் கோயில்ல மிளகாய் அரைச்சுட்டு வந்தரலாமான்னு கூட யோசிச்சேன், அப்புறம் அவர் புள்ளைக்குட்டிக்காரர்னு விட்டுட்டேன்.

ஏன் இப்படி ஆகுதுன்னு எனக்குப் புரிஞ்ச அளவுக்குச் சொல்றேன். அறுபது வருஷமா மாடு நின்ன இடம். மூத்திரமும் சாணியும் மண்ணுல எறங்கி, நுண்ணுயிரெல்லாம் சேந்து அதை நைட்ரேட் உப்பா மாத்தி வெச்சிருக்கும். அந்தக் காலத்துல துப்பாக்கி மருந்துக்கு வெடியுப்பு காய்ச்சறவங்க மாடு கட்டின இடத்து மண்ணைத்தான் தேடி வந்து அள்ளிட்டுப் போவாங்களாம், அந்த உப்புதான் இது. பழைய செவுத்துக்கு அடியில ஈரத்தைத் தடுக்கற பட்டை எதுவும் கிடையாது, அதனால மண்ணு ஈரம் கல்லு நடுவுல ஏறும், உப்பையும் கரைச்சுக் கூட்டிட்டு வரும், வெளிய வந்து காயும்போது உப்பு மட்டும் தங்கிப் படிகமாகும். அந்தப் படிகம் வளரும்போது முன்னால இருக்கற பூச்சைத் தள்ளும். சிமெண்டு ஈரத்தை உள்ளயே அடைச்சு வெச்சு ஒரு நாள் மொத்தமாப் பேத்துக்கிட்டு வரும். சுண்ணாம்புன்னா ஈரத்தை வெளிய விட்டுரும், பொரிஞ்சாலும் கொஞ்சம் கொஞ்சமாப் பொரியும்.

உடனே ரெண்டு இஞ்சினியர் வந்து "சிமெண்ட்ல என்ன குத்தம், டிபிசி போட்டிருந்தா"ன்னு ஆரம்பிப்பீங்க, ஈரத்தைத் தடுக்கற பட்டைன்னு சொன்னேன்ல, அதுதான் டிபிசி. சார், கல்லு செவுத்துக்கு அடியில அறுத்து டிபிசி சொருகறதுக்கு இங்க யார் வருவா, என்ன வாங்குவாங்கன்னு சொல்லிட்டு அப்புறம் திட்டுங்க. நான் சிவில் படிக்கலை, பி.காம். என் செவுத்துக்கு நடந்ததைச் சொல்றேன், புதுச் செங்கல் செவுத்துக்குச் சொல்லலை.

அதனால உங்க கட்டுத்தரையில முதல் வேலை தரை. கல்லைப் பேத்துட்டு ரெண்டடி மண்ணைத் தோண்டி எடுத்துருங்க. நாங்க முதல் தடவை அரையடிதான் எடுத்தோம், ரெண்டாவது தடவைதான் புத்தி வந்து ரெண்டடி போனோம். எடுத்த மண்ணைத் தூக்கிப் போட்டுறாதீங்க, அந்த வருஷம் அதைக் கொட்டின பாத்தியில இருந்த தென்னைக்கு வேற உரமே வைக்கலை. குழியில ஜல்லி நிரப்பி, கெட்டியான பாலிதீன் ஷீட்டு விரிச்சு, மேல கான்கிரீட்டு, அதுக்கு மேல சிவப்பு ரெட் ஆக்ஸைடு தரை. செவுத்துல இருந்த சிமெண்டை முழுசா உடைச்சு எடுத்து, பூத்த உப்பை காஞ்ச பிரஷ்ஷுல கூட்டி அள்ளணும். தண்ணி ஊத்திக் கழுவக் கூடாது, கழுவுனா கரைஞ்சு மறுபடி உள்ள போயிரும். அப்படியே ஒரு கோடை முழுக்க வெறும் கல்லா காய விட்டோம்.

அப்புறம் சுண்ணாம்பு. உடுமலை பக்கமிருந்து ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வந்தோம், எழுபது வயசு இருக்கும். தொட்டியில சுண்ணாம்புக் கல்லைத் தாளிச்சு, அதாவது தண்ணி விட்டு நீத்து, பதினஞ்சு நாள் ஊற விட்டார். கடுக்காயைத் தட்டி வெல்லத்தோட தனியா ஊறப் போட்டு அந்தத் தண்ணியை விட்டுத்தான் அரைச்சார். கூலி அதிகம்தான், ஆனா அவர் வேலை செய்யும்போது அத்தை ஒரு சேர் போட்டு முன்னாடியே உக்காந்துட்டாங்க, என்னைத் திரும்பிக் கூடப் பாக்கலை, அது கூலியை விட வலிச்சுது. இன்னைக்கும் கீழ ஒரு அடிக்கு லேசா உப்பு பூக்கும்ங்க, பொய் சொல்ல மாட்டேன். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது கூட்டி விட்டுட்டு ஒரு கை அடிச்சா முடிஞ்சுது.

கூரையைப் பத்தி ரெண்டு வார்த்தை. பனங்கையில பாதி செல்லு அரிச்சிருந்துச்சு, மாத்தினோம், ஓடு பழசே போதும்னு கழுவி ஏத்தினோம். மங்களூர்ல 1865ல பாசல் மிஷன்னு ஒரு கிறிஸ்தவ மிஷன்காரங்க ஆரம்பிச்ச ஓடுதான் நாம இன்னும் மங்களூர் ஓடுன்னு சொல்றது, எங்களுதுல பாதி கேரளாவுல கோழிக்கோடு பக்கத்துல இருக்கற பெரோக்ல இருந்து பாலக்காடு வழியா வந்த ஓடு, அம்பத்து சொச்சம் வருஷம் ஆகியும் தட்டினா மணி மாதிரி சத்தம். உங்களுதும் தோப்புன்னா அம்பது ஓடு எக்ஸ்ட்ரா எடுத்து வெச்சுக்கங்க, மட்டை விழும், காய் விழும், பக்கத்து மரத்தை வெட்ட வீட்டுப் பெரியவங்க சம்மதிக்க மாட்டாங்க.

மேக்கால செவுத்துல பெரியவங்க ஒரு ஜன்னல் கூட வெக்கலை. ஏன்னு யோசிக்காம, மலை தெரியும்னு நான் நாலடி ஜன்னல் வெச்சேன். ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்து உங்களுக்குத் தெரியும்ல, சாரலோட நேரா கட்டில் மேலயே வந்து இறங்குச்சு. மாட்டுக்குத் தெரிஞ்ச வாஸ்து எனக்குத் தெரியலைன்னு வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டறார். இப்ப ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அந்த ஜன்னல் தார்ப்பாயோட இருக்கும். செப்டிக் டேங்கையும் அதோட தண்ணியை மண்ணுல எறக்கற சோக்பிட்டுக் குழியையும் கிணத்துல இருந்து குறைஞ்சது அறுபது அடி தள்ளி வைங்க, பைப்பு செலவைப் பாக்காதீங்க.

கரண்டு விஷயம் ரொம்ப முக்கியம். மோட்டார் ரூம் பக்கத்துலயே இருக்கேன்னு அதுல இருந்து ஒரு வயரை இழுத்துறாதீங்க. விவசாய சர்வீஸ் பம்புசெட்டுக்குக் குடுத்தது, அதுல கெய்சர் போட்டா 2003 மின்சாரச் சட்டம் 126வது பிரிவுல வந்துருவாங்க, ரெண்டு மடங்கு ரேட்டு, எப்ப இருந்துன்னு கண்டுபிடிக்க முடியலைன்னா 12 மாசத்துக்குக் கணக்குப் போடுவாங்க. நாங்க தனியா வீட்டு சர்வீஸ் வாங்கினோம், போஸ்ட்டுக்கே தனிச் செலவு.

இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. வீட்டுக்காரரோட சித்தப்பா பையன் ஒருத்தர் பெங்களூர்ல இருக்கார், வரும்போதெல்லாம் எங்க தோப்புலயே இளநி குடிச்சுக்கிட்டே "உங்களுக்கு என்ன அண்ணி, ஓசி கரண்டு"ன்னு ஆரம்பிப்பார். 1990ல இருந்து விவசாயத்துக்கு இலவசம்தான், இல்லைன்னு யார் சொன்னா? 2016ல பொள்ளாச்சிப் பக்கம் வந்த சுருள் வெள்ளை ஈ இன்னும் போகலை, ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி இருக்கு, கீழ துணி காயப் போட முடியாது. அது பத்தாதுன்னு வேர்வாடல் நோய், எங்க தோப்புலயே நாப்பது மரம் வெட்டியாச்சு. நடுவுல காய் பத்து ரூபாய்க்குக் கீழ போனப்ப ஏறிப் போடற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் சரியாப் போச்சு, அப்ப ஒருத்தரும் போன் பண்ணி ஓசியா ஒரு ஆறுதல் கூடச் சொல்லலை. இப்ப வெலை ஏறினதும் "தென்னைக்காரங்களுக்கு என்ன"ன்னு பேச்சு. சரி விடுங்க, உங்க கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, எழுத ஆரம்பிச்சா வந்துருது.

வாடகைக்கு விடற ஐடியா இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, மத்திய அரசோட ஹோம்ஸ்டே திட்டத்துல ஓனர் அங்கயே குடியிருக்கணும், 1ல இருந்து 6 ரூமு, 12 படுக்கைக்கு மேல போகக் கூடாது. பஞ்சாயத்துல கேட்டு வரியையும் மாத்திக்கங்க. எங்களுக்கு அந்த வேலையே வரலை, ஏன்னா ரூம் காலியாவே இல்லை.

மாடு இருந்த எடத்துல மனுசன் படுக்கறதான்னு கட்டுத்தரைப் பக்கமே ஒரு வருஷம் வராத எங்க மாமா, போன சித்திரையில ஒரு மத்தியானம் கரண்டு போச்சுன்னு அங்க போய்ப் படுத்தார். கல்லு செவுரு, சுண்ணாம்பு, ஓடு, நல்லா குளுகுளுன்னு இருந்திருக்கு. சாயங்காலம் அவர் ரேடியோ போச்சு, மறுநாள் சுருட்டுப் பெட்டி போச்சு, அடுத்த வாரம் கட்டிலை வடக்க தெக்கா மாத்திப் போட்டார். இப்ப யாராவது விருந்தாளி வந்தா "அம்மிணி, அவங்களை உன் ரூம்ல படுக்க வையி"ங்கறார்.

மோட்டார் ரூமு பத்துக்குப் பத்து இருக்கு. போன ஞாயித்துக்கிழமை டேப்பு வெச்சு அளந்துட்டேன்.