முதலில் அப்பாவின் பாயை நகர்த்துங்கள், தம்பி

கேள்வி: கொருக்குப்பேட்டையில் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு ஹால், ஒரு சமையலறை. நான், மனைவி, அப்பா, அம்மா. மனைவிக்கு எட்டாம் மாதம் ஓடுகிறது, முதல் குழந்தை. ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. அதைச் சின்ன மண்டபம் பிடித்து நன்றாகச் செய்ய வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. மனைவிக்கு அதில் இஷ்டம் இல்லை. அந்தப் பணத்தில் மரத்தொட்டில், மெத்தை, கொசுவலை எல்லாம் இப்போதே வாங்கி வைக்கலாம் என்கிறாள். பிறப்பதற்கு முன்னால் குழந்தைச் சாமான் வீட்டுக்குள் வரக் கூடாது என்கிறார் அம்மா. தினமும் இதே பேச்சு. போன ஸ்கேனில் பனிக்குட நீர் கொஞ்சம் குறைவு என்றார்கள். அதிலிருந்து காலையில் இளநீர் வாங்கித் தருகிறோம். மனைவியும் முன்பு மாதிரி இல்லை, சட்டென்று கோபம் வருகிறது, ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. கழிப்பறை கீழே, நாலு போர்ஷனுக்கும் பொது. அப்பாவுக்கு வீசிங் இருப்பதால் காற்றுக்காக வாசல் ஓரம்தான் படுப்பார். அவரைத் தாண்டிப் போக வேண்டாமே என்று மனைவி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை, அப்படியே பழகிக்கொண்டாள். பிரசவத்துக்குப் பொன்னேரியில் அவள் அம்மா வீட்டுக்கு எப்போது அனுப்பலாம்? அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் நான் யார் பக்கம் பேசுவது?
– பெயர் வேண்டாம், சென்னை 21

பதில்: தம்பி, யார் பக்கம் பேசுவது என்று கேட்டு வரும் கடிதங்களில் பெயரையும் பேட்டையையும் எடுத்துவிட்டால் எல்லாம் ஒன்றுதான். மண்டபமா தொட்டிலா, அம்மாவா மனைவியா. உங்களுடையதையும் அப்படித்தான் வேகமாகப் படித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். எட்டு மாதக் கர்ப்பிணி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை.

அதை நீங்கள் கேள்வியாக எழுதவில்லை. கரண்ட் மீட்டர் எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோல எழுதிவிட்டுப் பொன்னேரிக்குப் போய்விட்டீர்கள்.

ஆறு மணியிலிருந்து விடியும்வரை பன்னிரண்டு மணி நேரம். கொருக்குப்பேட்டை மாடி அறைகளை நான் அறிவேன். பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரி பதினொரு மணிக்கும் அனல் விடும். கடல் பக்கத்தில்தான் என்று பெயர், காற்று நாலு சுவரைத் தாண்டி உள்ளே வராது. அந்த அறையில் வியர்த்து வழிந்துகொண்டு, ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் ஒரு பெண் விடியலுக்காகக் காத்திருக்கிறாள். நீங்கள் பக்கத்தில் படுத்திருக்கிறீர்கள்.

தண்ணீர் குடிக்காவிட்டால் வராது என்றா நினைத்தீர்கள்? எட்டாம் மாதத்தில் கர்ப்பப்பை மூத்திரப்பையை அழுத்திக்கொண்டிருக்கும். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கத் தோன்றும். அவள் எழுந்திருக்காமல் அடக்கிக்கொண்டு புரண்டு புரண்டு படுக்கிறாள். தூக்கம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோபம் வருகிறது என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். வராமல் என்ன செய்யும்?

இது வெறும் அவஸ்தையோடு நிற்கிற விஷயமும் இல்லை. கர்ப்பகாலத்தில் சிறுநீர்ப் பாதை தளர்ந்து, சிறுநீர் எளிதில் தேங்கும். தேங்கிய இடத்தில் கிருமி வளரும். பல பெண்களுக்கு எரிச்சல்கூட இருக்காது. அதற்காகத்தான் பரிசோதனையில் சிறுநீரைப் பார்க்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம்வரை ஏறி, குளிர் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். குறைமாதப் பிரசவத்துக்கு அது ஒரு காரணம் என்பது எந்த நர்ஸம்மாவைக் கேட்டாலும் சொல்வார்.

அப்புறம் அந்த ஸ்கேன். ஒரே கடிதத்தில் பனிக்குட நீர் குறைவு என்றும் எழுதுகிறீர்கள், ஆறு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை என்றும் எழுதுகிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க உங்களுக்குத் தோன்றவே இல்லையா? நீர் குறைய வேறு காரணங்களும் உண்டு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் தாயின் உடம்பில் நீர் வற்றினால் பனிக்குடத்திலும் குறையும். இந்த மாதங்களில் பனிக்குட நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர்தான். உள்ளே இருக்கிற பிள்ளை தாராளமாகப் போகிறது, சுமக்கிறவள் அடக்கிக்கொண்டிருக்கிறாள். காலையில் வாங்கித் தரும் ஒரு இளநீர் இதை ஈடுகட்டாது. டாக்டர் வேறு காரணத்துக்காகக் குறைக்கச் சொல்லாதவரை, சென்னை வெயிலில் கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு இரண்டரை, மூன்று லிட்டராவது போக வேண்டும். அது பகலும் ராத்திரியுமாகப் போக வேண்டும்.

பழகிக்கொண்டாள் என்கிறீர்கள். காரணம்வரை உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். சொன்ன அன்று என்ன செய்தீர்கள்? யோசித்துப் பாருங்கள், பதிலை எனக்கு எழுத வேண்டாம். யார் பக்கம் பேசுவது என்று கேட்கிற நீங்கள் இதுவரை யார் பக்கமும் பேசவில்லை என்பதுதான் எனக்குத் தெரிகிறது.

படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது, அதுவும் மாமனாரை. நானும் அப்படி வளர்ந்தவள்தான், அந்த மரியாதையை நான் குறை சொல்ல மாட்டேன். இருட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நைட்டியைச் சுருட்டிக்கொண்டு, கொலுசு சத்தம் கேட்காமல் ஒரு பெரியவரைத் தாண்டிப் போய் தாழ்ப்பாளைத் திறக்க எந்த மருமகளுக்கும் கூசும். அவருக்கு மரியாதை கொடுக்க வேண்டியது வீட்டில் எல்லாருடைய கடமை. அதற்கு உடம்பால் விலை கொடுப்பது மட்டும் அவள் ஒருத்தி. இது அந்தப் பெரியவருக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தால் அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்திருப்பார். நம் பக்கத்துப் பெரியவர்கள் அவ்வளவு கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, அவர்களிடம் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை, அவ்வளவுதான்.

தனிக்குடித்தனம் போங்கள் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. வீசிங் இருக்கிற அப்பாவை விட்டுவிட்டுப் போகிற மகனை எனக்குப் பிடிக்காது. ஆனால் அப்பா, அம்மா, மனைவி எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருப்பவனுக்கு ஒரு வேலை உண்டு. வாய்விட்டுக் கேட்க முடியாதவருக்காக அவன் கேட்க வேண்டும். மருமகள் மாமனாரிடம் போய், ராத்திரி நான் பாத்ரூம் போகணும், தள்ளிப் படுங்க மாமா என்று சொல்ல முடியுமா? நீங்கள் சொல்லலாம். ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் இத்தனை மாதமாகத் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள்.

இன்று ராத்திரியே சொல்லுங்கள். அவள் சொன்னாள் என்று தொடங்காதீர்கள், அது வேறு சண்டைக்குக் கொண்டுபோய் விடும். டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார், ராத்திரி அடிக்கடி எழுந்திருக்க வேண்டியிருக்கும், நாங்கள் வாசல் பக்கம் படுத்துக்கொள்கிறோம் என்று நீங்களே பொறுப்பு எடுத்துக்கொண்டு சொல்லுங்கள். அப்பாவுக்கு ஜன்னல் ஓரம், ஃபேனை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தாற்போலப் படுத்தால் அவருக்கும் மூச்சு கொஞ்சம் லேசாக இருக்கும். கொசுவர்த்தி கொளுத்துகிற வீடு என்றால் இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் புகை வீசிங்குக்காரருக்கு ஆகாது, வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் பிறந்த குழந்தைக்கும் ஆகாது. கொசுவலை விஷயத்தில் மட்டும் நான் முழுக்க உங்கள் மனைவி பக்கம். ஒன்று போதாது, அப்பாவுக்கும் சேர்த்து வாங்குங்கள்.

வாசலைத் தாண்டிவிட்டால் படிக்கட்டு. அங்கே பல்பு எரிகிறதா? நாலு போர்ஷனுக்குப் பொதுவான பல்பை யார் மாற்றுவது என்று மாதக்கணக்கில் இருட்டிலேயே இறங்கும் வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். நீங்கள் மாற்றுங்கள். அடி பம்பு ஓரம் பாசி பிடித்திருந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பதும் உங்கள் வேலைதான். கீழே இருப்பது தரையோடு தரையான டாய்லெட் என்றால், மேலே வைத்துக்கொள்ளும் கமோடு ஸ்டூல் மெடிக்கல் உபகரணக் கடைகளில் கிடைக்கும். மற்ற போர்ஷன் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பிள்ளை பெற்றவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் எழுந்தால் நீங்களும் எழுந்திருக்க வேண்டும். நாலு தடவை என்றால் நாலு தடவையும். காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்பீர்கள். அவளும் காலையில் எழுந்து குடம் தூக்குகிறாளா என்பதை நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

மண்டபம், தொட்டில் பஞ்சாயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மண்டபம் வேண்டாம். வளைகாப்பு நல்ல சடங்கு. அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர் வந்து கண்ணாடி வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் தடவி, எலுமிச்சை சாதம், புளி சாதம், தயிர் சாதம் என்று கட்டிக் கொடுத்தால் போதும், அதற்கு உங்கள் ஹாலும் மாடியும் தாராளம். அம்மாவிடம் எம்.சி. ரோட்டில் மருமகளுக்கு ஒரு நல்ல சேலையை அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள், மனம் ஆறிவிடும். மரத்தொட்டிலும் இப்போது அவசரம் இல்லை. பிறந்த குழந்தைக்கு அவள் மார்பும், துவைத்துத் துவைத்து மிருதுவான பழைய வேட்டித் துணியும் வேண்டும். முன்கூட்டி வாங்கக் கூடாது என்பது பழைய காலத்துப் பயம். ஒரு தொட்டிலுக்காக அம்மாவோடு மோத வேண்டியதில்லை. கையில் வைத்திருக்கும் பணத்தைப் பிரசவத்துக்கும் ஆட்டோவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் பதிந்திருந்து தகுதியும் இருந்தால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் தவணையாக வரும். அது அவள் சாப்பாட்டுக்கு வருவது. மண்டபக் கணக்கில் அதைச் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

பொன்னேரிக்கு எப்போது? நீர் குறைவு என்று சொல்லியிருப்பதால், பிரசவம் எங்கே என்பதை நல்ல நாள் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இங்கேயே இருக்கட்டும் என்றால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை கூப்பிடு தூரம். போகலாம் என்றால் ஸ்கேன் ரிப்போர்ட், தாய் சேய் அட்டை எல்லாவற்றையும் கையோடு கொடுத்தனுப்புங்கள், கும்மிடிப்பூண்டி ரயிலில் கூட்டம் உள்ள நேரத்தில் ஏற்றாதீர்கள். ஆனால் அனுப்பிவிட்டால் வீட்டில் தொல்லை ஓய்ந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைக்குழந்தையோடு இதே வீட்டுக்குத்தான் வருவாள். இன்று நகராத பாய் அன்றைக்கும் நகராது.

இன்னொன்று, இதை இப்போதே இரண்டு வீட்டிலும் பேசி வையுங்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று சொம்பை ஒளித்து வைக்கிற வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. பால் சுரக்க வேண்டும் என்று காசிமேட்டிலிருந்து பால் சுறா வாங்கிவந்து புட்டு செய்து போடுவார்கள், பூண்டுக் குழம்பு வைப்பார்கள். அதே கையால் ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கணக்குப் பார்ப்பார்கள். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தாகம் எடுக்கும்போதெல்லாம் அவள் குடிக்க வேண்டும். பதினைந்து நாள் பத்தியம் வேண்டுமானால் இருக்கட்டும், தண்ணீரில் பத்தியம் வேண்டாம். பால் போதவில்லை என்று மூன்றாம் நாளே சர்க்கரைத் தண்ணீரும் புட்டிப்பாலும் தொடங்குகிற வீடுகள், முதலில் தாய்க்குக் குடிக்கக் கொடுத்தோமா என்று பார்ப்பதில்லை. ஏற்கெனவே தாகத்தை அடக்கக் கற்றுக்கொண்ட பெண் உங்கள் மனைவி. அங்கே அவள் கேட்கமாட்டாள். நீங்கள் போகிற போதெல்லாம் அவள் பக்கத்தில் சொம்பு நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே லீவு போட்டுவிட்டு அவளோடு போங்கள். ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை டாக்டரிடம் நீங்கள் சொல்லுங்கள், உங்களை விட்டுக்கொடுக்க மாட்டாமல் அவள் மறைப்பாள். சிறுநீர்ப் பரிசோதனையும் நீர் அளவும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல், அடிவயிற்று வலி, நீர் கசிவு, ரத்தக் கசிவு, கண் மங்கித் தலைவலி, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் மணி பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டர் அறைக்குள் அம்மாவும் வருவேன் என்பார். அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்து ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, நீங்கள் இரண்டு பேர் மட்டும் உள்ளே போங்கள்.