அப்பாவின் பயாப்சியில் 'கிளியர் செல் மாற்றம்' என்று வந்தால் அது மோசமான புற்றா?

மூக்கோரத்தில் இருந்த கறுப்புப் புள்ளி பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்று என்றும், கூடவே 'கிளியர் செல் மாற்றம், கால்சியப் படிவு' என்றும் அப்பாவின் அறிக்கையில் இருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு சொற்களுக்காகக் கலங்காதீர்கள்.

நான் சிங்கப்பூரில் திசு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். என் தாய்மாமாவுக்கும் இதே புற்றுதான். செம்பவாங் கப்பல் பட்டறையில் வெயிலிலேயே உழைத்தவர். கண்ணுக்குக் கீழே மிளகளவு கறுப்பு; மச்சம் என்றே வீட்டில் எல்லோரும் இருந்துவிட்டோம். முகம் துடைக்கும்போதெல்லாம் துண்டில் ரத்தம் ஒட்ட ஆரம்பித்த பிறகுதான் பாலிகிளினிக் போனார். நம் நிறத்தவருக்கு இது பெரும்பாலும் மெலனின் என்ற தோல் நிறமி சேர்ந்து கறுப்பாகவே வரும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

ஆய்வகத்தில், வெட்டி வந்த திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியிலிருந்து 4 மைக்ரான் கனத்தில் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுப்போம். சாயமிட்டுப் பார்த்தால் ஊதாத் தீவுகள் தெரியும். ஓரச் செல்கள் வேலிக்கால் நட்டதுபோல் வரிசையாக நிற்கும். வேலிக்கு வெளியே மெல்லிய வெள்ளை இடைவெளி. இதுதான் இந்தப் புற்றின் முகம். சில தீவுகளில் செல்களின் உட்புறம் வெளிறி, வெறுமையாகத் தெரியும். அதுதான் கிளியர் செல். எண்ணெய்ச் சுரப்பிப் புற்றும், சிறுநீரகத்திலிருந்து தோலுக்குப் பரவிய புற்றும்கூட இப்படித் தெரியலாம் என்பதால் மருத்துவர் கூடுதல் சாயங்கள் கேட்பார். முடிவு தாமதமானால் இதுவும் காரணமாக இருக்கலாம். பக்கத்திலேயே அந்த வேலி தெரிந்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கால்சியம் படிவது அப்படியொன்றும் அபூர்வமில்லை.

நீங்கள் தேட வேண்டிய சொற்கள் வேறு: இன்ஃபில்ட்ரேட்டிவ், மார்ஃபியஃபார்ம், மைக்ரோநாடுலர், பேசோஸ்குவாமஸ், நரம்பைச் சுற்றிப் பரவல். திரும்ப வரும் வாய்ப்பைக் கூட்டுபவை இவைதான். பயாப்சி கட்டியின் ஒரு மூலையை மட்டுமே காட்டும். முழுதாக வெட்டி எடுத்தபின் வரும் அறிக்கையில், வெட்டிய துண்டின் விளிம்பில் புற்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மூக்கு என்பதால், அடுக்கடுக்காக எடுத்து உடனுக்குடன் விளிம்பைச் சோதிக்கும் மோஸ் அறுவை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மாமாவின் அறிக்கையிலும் கிளியர் செல் இருந்தது. விளிம்பு சுத்தம். வடு இமைச் சுருக்கத்தோடு சேர்ந்துவிட்டது. இப்போது தொப்பி இல்லாமல் அத்தை அவரை வெளியே விடுவதில்லை.